மாஸ்டர் வீட்டுக் கேமரா

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

என் காது ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் முட்டிவலி எப்படி? லிப்ட் நின்றுபோன கட்டடங்களில் பத்து மாடி படியேறிப் போய்ச் சரிசெய்கிறவனுக்கு முட்டிதான் சொத்து. பார்த்துக்கொள்.

போன மாதம் நீ போனில் பேசியது எனக்குத் தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டுவது போலத்தான் கேட்டது. நானும் "உம், உம்" என்று சொல்லிவைத்தேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் காகிதம் மடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது, இனிமேல் திரும்பாது. ஆகவே நமக்குள் இனி கடிதம்தான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டர் தன் வீட்டுப் பின்சுவரில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார். தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மாட்டினால் மாட்டட்டும், அவர் சுவர். ஆனால் அது அவர் வீட்டைப் பார்க்கவில்லை. எட்டடி மதிலைத் தாண்டி என் கொல்லைப்புறத்தைப் பார்க்கிறது! துணிக்கொடி, குழாயடி, எலுமிச்சை மரம், எல்லாம் அதன் கண்ணில். தலை துவட்டும்போதுகூட யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது.

உனக்கு ஒயர், சுவிட்ச் சமாசாரமெல்லாம் தெரியுமே. அந்த மாதிரிக் கேமராவுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? யார் யார் பார்க்க முடியும்? எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. உனக்கு உடம்பு எப்படி? காதைத் தவிர என்று எழுதியிருந்தாய். தலைவலி, மயக்கம், வேறு எதுவும் இல்லையே?

கேமராவைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே. அந்த விலைக்கு வருகிற கேமராவில் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். மாஸ்டர் தங்கமான மனுஷன். சண்டை வேண்டாம். அக்கம்பக்கம் நமக்கு வேண்டும்.

இந்த வாரம் ஒரு மருத்துவமனை லிப்டில் வேலை. கயிறு மாற்றினோம். எழுத வேறு விசேஷம் இல்லை.

உன் நலத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுது.
தம்பி


மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

நலத்தை விவரமாக எழுதச் சொன்னாய். காலையில் வீட்டு வேலை, மதியம் அச்சுத்தாள், மாலையில் அச்சுத்தாள். அச்சகத்திலிருந்து வாரம் இரண்டு கட்டு பிழை திருத்தக் கொடுத்தனுப்புகிறார்கள். இப்போது ஒரு வரலாற்றுப் பாடப்புத்தகம். இதில் மன்னர் ஒருவர் போரில் இறந்துவிட்டு அடுத்த பக்கத்தில் வரி விதிக்கிறார்.

நீ சண்டை வேண்டாம் என்றாய். நான் சண்டை போடவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். மாஸ்டர் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். என் காதுக்காக அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார்.

"பின்னாடி வச்சிருந்த ரெண்டு டயர் காணாமப் போச்சு மேடம். அதுக்குத்தான் கேமரா."

"டயர் உங்க வீட்டுல இருந்துச்சு. கேமரா ஏன் என் துணிக்கொடியைப் பாக்குது?"

"அது வந்து... லென்ஸ் கொஞ்சம் அகலம்."

"அகலம்னா ரெண்டு பக்கமும்தானே அகலம்? உங்க வீட்டுப் பக்கம் மட்டும் ஒடுக்கமா?"

அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்தார். கடைசியில், "நான் சொல்ற நிலைமையில இல்ல மேடம்" என்றார். சொல்ற நிலைமையில் இல்லை என்றால் சொல்ல என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோபம் போய் இப்போது எனக்குக் குறுகுறுப்புதான் மிச்சம்.

அதனால் ஒரு சோதனை செய்தேன். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் "யார் பார்ப்பது?" என்று எழுதி, துணிக்கொடியில் கிளிப் போட்டு, கேமராவுக்கு நேராகத் தொங்கவிட்டேன். மூன்று நாள் தொங்கியது. பதில் இல்லை. ஆனால் மாஸ்டர் வீட்டம்மா மாடிக்கு வந்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது. சிரிப்பா, பயமா என்று பிடிபடவில்லை.

உன் அபிப்பிராயம் என்ன? நீ இருந்தால் ஏணி போட்டு ஏறிப் பார்த்திருப்பாய்.

மழை தொடங்கினால் குடையை மறக்காதே.
அக்கா


ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. வேலை அதிகம் போல.

இந்த வாரம் இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. லேசாகச் சளி. இரண்டு நாள் படுத்திருந்தேன். இப்போது தேவலை. பாடப்புத்தகத்தை முடித்து அனுப்பிவிட்டேன்.

நீ நலம்தானே?
அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம். உனக்குச் சளி என்று எழுதியிருந்தாய். சளி மட்டும்தானா? டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார்?

வேறு ஒரு விஷயம். என்னோடு வேலை பார்க்கிற வெல்டருக்கு ஒரு சித்தி இருக்கிறார்கள். அந்தம்மா தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் தரையில் ஒரு கோடு கிழித்து, இரண்டு கையையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு, ஒரு காலின் குதியும் மறு காலின் விரலும் ஒட்ட ஒட்ட அதன்மேல் நடக்கிறார்களாம். திரும்பி வரும்போது தலையை ஆட்டிக்கொண்டே வருகிறார்களாம். கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. வெல்டர் பாவம், சித்திக்கு என்ன ஆயிற்றோ என்று தூக்கமில்லாமல் இருக்கிறான். சித்தியிடம் நேரே கேட்கவும் முடியவில்லை அவனால்.

நீ எத்தனையோ புத்தகம் பிழை திருத்தியவள். இது என்னவென்று எங்கேயாவது படித்திருக்கிறாயா? இது ஏதாவது நோய்க்கு அறிகுறியா? தெரிந்தால் உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

வெல்டரின் சித்தியைப் பற்றிய விவரம் கிடைத்தது. அதில் இரண்டு பிழை. திரும்பி வரும்போது தலையை ஆட்டுவதில்லை, வலமும் இடமும் மாறி மாறிப் பார்ப்பது. கால் மணி நேரமும் இல்லை, இருபது நிமிடம்.

அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் கிழித்தவள் நான். என் கொல்லைப்புறத்துக்கு மதில் எட்டடி. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் நான் அங்கே நடப்பது தெரிந்த ஒரே சாட்சி, மாஸ்டர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

எத்தனை நாளாகப் பார்க்கிறாய்?

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் நாளிலிருந்து.

மாஸ்டர் மேல் கோபப்படாதே. டயர் காணாமல் போனது நிஜம், கேமரா வாங்கியதும் அதற்குத்தான். உன் பக்கம் திருப்பச் சொன்னது நான். என் போனில் தெரிகிற மாதிரி செய்துதரச் சொன்னதும் நான். "அக்காகிட்ட சொல்லிட்டியாப்பா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

சொன்னது உண்மைதான். பிப்ரவரியில் போனில் கேட்டேன். நீ "உம்" என்றாய். உனக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த "உம்"மை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் முழுக்க நீ கதவைத் திறக்கவில்லை. மாஸ்டர் தட்டினார், ஜன்னலில் கல் எறிந்தார், எனக்குப் போன் செய்தார். மறுநாள் நீ கதவைத் திறந்து, "தூங்கிட்டேன்" என்றாயாம். காலையிலிருந்து மாலை வரைக்கும் யார் அக்கா தூங்குவார்கள்? நான் இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்? ஒரு பாதுகாப்புக்காகத்தான் செய்தேன்.

அந்த நடை என்னவென்று மட்டும் சொல்லிவிடு. திட்டுவதையெல்லாம் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்.

தம்பி


மே 24

அக்காவுக்கு,

நீ எழுதாமல் ஒரு மாதம் ஆகிறது. மாஸ்டரிடம் சொல்லிக் கேமராவை அவர் வீட்டுக் கொல்லைப் பக்கமே திருப்பிவிட்டேன். நீயே பார்த்திருப்பாய். என் போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். இப்போது எனக்கு எதுவும் தெரிவதில்லை.

நீ நடமாடுகிறாய் என்று மாஸ்டர் சொன்னார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். "எனக்கும் வீட்ல மரியாதை வேணும்பா" என்றார்.

உன் உடம்பு எப்படி? ஒரு வரி போதும். திட்டி எழுதினாலும் போதும்.

தம்பி


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன், ஒரு கை சாப்பாடு கூடவே சாப்பிடுகிறேன். உன் முட்டி எப்படி?

திட்டி நாலு கடிதம் எழுதினேன். நாலையும் கிழித்தேன். திட்டும்போது எனக்கு எழுத்துப்பிழை வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

என் கோபம் கேமராமீது இல்லை. பறவை மாதிரி கையை விரித்துக்கொண்டு தள்ளாடுவதை ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், அவன் நான் தூக்கி வளர்த்தவன் என்பதுதான். உனக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் அந்த நினைப்பே என்னை விடவில்லை. எப்படித்தான் தெரிந்திருப்பேன்? ஒரு மாதம் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. போன வாரம் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

"நீங்க எடுத்த படத்தை நான் பாக்கணும்" என்றேன்.

மாஸ்டர், கார் கண்ணாடியைச் சரிசெய்கிறவர் மாதிரி, முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா என்னை உட்காரவைத்து, பலகையும் பேனாவும் எடுத்துவந்தது. எனக்குக் காதில் விழாததை அதில் எழுதிக் காட்டும். நல்ல கையெழுத்து. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது.

பார்த்தேன். கலங்கலாகத் தெரியும் என்று நீ எழுதியது பச்சைப் பொய். என் செருப்பின் வார் அறுந்திருப்பதுகூடத் தெரிகிறது. நான் துணி காயப்போடும்போது பேசிக்கொண்டே இருக்கிறேன் தெரியுமா? என் வாய் அசைகிறது. அது எனக்கே புதுச் செய்தி. நடக்கிறதையும் பார்த்தேன். நான் நினைத்த அளவுக்கு அசிங்கமில்லை. கொஞ்சம் கொக்கு மாதிரி, அவ்வளவுதான்.

பழைய நாள்களெல்லாம் தானாக அழிந்துவிடுமாம். ஆனால் ஒரு தேதி மட்டும் தனியாக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் இரண்டு. நான் அதைக் காட்டியதும் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அது வேணாங்க அக்கா" என்றது. உதட்டைப் படித்தே புரிந்துகொண்டேன்.

"டாக்டர் கேட்டா காட்டலாம்னுதான் அழிக்காம வச்சேன்" என்று மாஸ்டர் பலகையில் எழுதினார்.

"போடுங்க" என்றேன்.

தம்பி, அன்றைக்குச் சளி இல்லை. துணிக்கொடியடியில் தலைசுற்றி விழுந்தேன். நான் உனக்கு எழுதாமல் விட்டது அதைத்தான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை நான் விழுந்தேன், உடனே மாஸ்டர் வந்து தூக்கினார். தற்செயலாக மாடிக்கு வந்தவர் பார்த்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

படத்தின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விழும்போது ஒன்பது பதினாலு. மாஸ்டர் ஓடிவரும்போது ஒன்பது இருபத்தைந்து. நடுவில் பதினோரு நிமிடம் நான் ஈரத்துணிமேல் கிடக்கிறேன். பதினோரு நிமிடம், தம்பி! என் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் இருந்ததே எனக்குத் தெரியாது. மேற்கொண்டு பார்க்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் பலகையில் எழுதவில்லை. உன் எண்ணை போனில் எடுத்துக் காட்டினார்.

ஆக, நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்து வெல்டர் சித்தியைப் பற்றி எழுதினாய். நான் சளி என்று எழுதினேன். நாம் இரண்டு பேரும் நல்ல ஜோடிதான்.

இப்போது விடுபட்டதைச் சேர்க்கிறேன். இயந்திரச் சத்தம் மட்டும் காரணமில்லை, எனக்கு உள்காதில் கோளாறு. செவிடோடு நிற்காமல் தலைசுற்றலும் தருகிறது. ஜனவரியில் அன்றைக்கு நான் தூங்கவில்லை. குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீடு ராட்டினம் மாதிரி சுற்றியது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா விழக் கூடாது" என்றார். கோட்டின்மேல் நடப்பது அவர் சொன்ன பயிற்சி. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்து மறைத்தேன்.

என் பக்கம் தீர்ந்தது. இனி உன் முறை. இரண்டு மாதத்துக்கு மேல் என்னைப் பார்த்தாய். என் செருப்பு வார் முதல் உனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முட்டி தெரியும், லிப்ட் தெரியும். உன் அறை ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? யார் சமைக்கிறார்கள்? என்னை எங்கே உட்கார்ந்து பார்த்தாய்? அந்தப் பதினோரு நிமிடம் எங்கே இருந்தாய்? ஒன்றையும் விடாமல் எழுது. விட்டால் கண்டுபிடித்துவிடுவேன். என் பிழைப்பே அதுதான்.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் வேண்டும். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. இதுவரை பரவாயில்லை என்று எழுதியதெல்லாம் பொய்.

நீ கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். ஆறு குழாய். ஒன்று ஒழுகும். அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அடுப்பு. சமைப்பது நான். கூட இருந்தவன் கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் கட்டில் இருந்த இடத்தில் இப்போது என் கருவிப் பை இருக்கிறது.

அன்றைக்கு நான் ஒன்பதாவது மாடியில், லிப்ட் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் கீழே போயிருந்தார். ஐந்து நிமிடம் கிடைத்ததே என்று போனை எடுத்துப் பார்த்தேன். நீ போர்வையை உதறினாய். உதறிய போர்வையோடு சாய்ந்தாய். நான் "அக்கா!" என்று கத்தினேன். லிப்ட் ஏறி இறங்கும் குழி முழுக்க என் குரல்தான் எதிரொலித்தது. உன் பக்கத்தில் நின்று கத்தினாலே உனக்குக் கேட்காது. அது தெரிந்தும் கத்தினேன்.

மாஸ்டர் கற்றுக்கொடுக்கும்போது போன் எடுக்க மாட்டார், அது அவர் சட்டம். ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தார். வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண்ணை நடுத்தெருவில் காரோடு விட்டுவிட்டு ஓடினாராம். அவர் வந்து உன்னை நிமிர்த்தும் வரைக்கும் நான் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கை அசைந்தால்கூடப் போதும் என்று பார்த்தேன். அதற்கு அப்புறம் எப்படிக் கீழே இறங்கினேன் என்று நினைவில்லை.

அதை உனக்கு எழுதினால் கேமராவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் நீ மூடச் சொல்லுவாய். அதனால் எழுதவில்லை.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. எங்கே உட்கார்ந்து பார்த்தாய் என்று கேட்டாய். இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேஜையில். உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். நீ குழாயடியில் பாத்திரம் கழுவுவாய், துணி உதறுவாய், எலுமிச்சையைத் தடவிப் பார்ப்பாய். நீ வாயசைத்துப் பேசுவதும் தெரியும். நான் சில சமயம் பதில் சொல்லியிருக்கிறேன். பாதுகாப்புக்காக என்று முன்னால் எழுதினேன். அது பாதிதான் உண்மை. அந்த இரண்டு மாதமும் நான் தனியாகச் சாப்பிடவில்லை, அக்கா.

இப்போது உப்பு டப்பாவில் எதையும் சாய்ப்பதில்லை. உன்னைக் கேட்காமல் பார்த்தது தப்பு. மன்னித்துவிடு.

தம்பி


ஜூலை 13

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை இரண்டு வேளையும் தவறாமல் போடுகிறேன். மாஸ்டர் வீட்டம்மா காலையில் என்னோடு நடக்க வருகிறது. அதற்குத் தலைசுற்றல் இல்லை, ஆனாலும் கோட்டில் நிற்கத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குத்தான் தடுமாறுகிறது. நீயும் முட்டியை ஒரு டாக்டரிடம் காட்டு. காட்டிவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுது.

உன் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை.

நேற்று மாஸ்டரைக் கூப்பிட்டு அந்தக் கேமராவைக் கழற்றச் சொன்னேன். முகம் வாடிவிட்டது, பாவம். கழற்றியதை என் கொல்லைப்புற மதிலில், என் தோள் உயரத்தில் பொருத்தச் சொன்னேன். "நிஜமாத்தான் சொல்றீங்களா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். தன் டயர்களுக்கு வேறொன்று வாங்கிக்கொள்வாராம். உன் போனில் திரும்பவும் தெரியும்படி இன்று மாலை செய்துதருகிறார்.

அதற்கு ஒரு துணி உறை தைத்திருக்கிறேன். சுருக்குக் கயிறு வைத்தது. கழற்றுவதும் மாட்டுவதும் என் கை. உறை போட்டிருந்தால் நீ இருட்டைத்தான் பார்ப்பாய், அது என் நேரம். உறையைக் கழற்றினால் நான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். கழற்றி ஒரு மணி நேரம் ஆகியும் மாட்டாமல் இருந்தால், மாஸ்டரைக் கூப்பிடாதே, அவர் எடுக்க மாட்டார். அவர் வீட்டம்மாவின் எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

குழாயடியில் ஒரு முக்காலியும் போட்டாயிற்று. என் தட்டை எடுத்துக்கொண்டு நானும் அங்கேயே உட்காருவேன்.

நீ எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருவாய் என்று எழுது.

அக்கா